லேசான

தால்காவானோ துறைமுகத்துக்கு மேலே,
மூன்றாம் மாடியில்,
ஐந்து மணிச் செய்தி வாசிப்பவள் நான்.
பதினோரு வருடமாக.
என் வாயில் அதிகம் தேய்ந்த சொல் எதுவென்று
நிபால்டோவைக் கேட்டால் சொல்வான்.

நேற்று நள்ளிரவு தாண்டி அறை ஒருதரம் ஆடியது.
கோப்பை ஓர் அங்குலம் நகர்ந்து நின்றது.
கண்ணாடிக்கு அந்தப் பக்கம் நிபால்டோ
ஹெட்போனைக் கழற்றாமலே
நான்கு விரல் காட்டினான். பிறகு ஒரு விரல்.
நான்கு புள்ளி ஒன்று.
எழுதிக்கொண்டேன்: லேசான நிலநடுக்கம்.
இந்த ஊரில் அதற்கெல்லாம்
சூப்புக் கரண்டியைக்கூட யாரும் கீழே வைப்பதில்லை.

செம்பு விலையில் லேசான ஏற்றம்.
பெசோ மதிப்பில் லேசான சரிவு.
ஜூலைக் குளிரில் மண்ணெண்ணெய் வரிசையில் நிற்கும் என் அக்கா
முதல் வார்த்தையை விட்டுவிட்டு
சரிவு என்று மட்டும் சொல்வாள்.

கோல்கீப்பருக்குத் தொடையில் லேசான பிடிப்பு.
இதற்கு மூன்று நிமிடம்,
மருத்துவர் பேட்டியுடன்.

மறியல் செய்த மீனவர்கள் மீது
போலீசார் லேசான பலப்பிரயோகம்.
அறிக்கை அப்படித்தான் வந்தது.
அப்படியே வாசித்தேன்.
மாற்ற நேரமில்லை என்று சொல்ல முடியாது,
நேரம் இருந்தது.

பிறகு, கால்பந்துக்கும் வானிலைக்கும் நடுவில்
ஓர் இண்டு கிடைத்தது. அதில் செருகினேன்:
மீன்மாவு ஆலை விபத்து, ஒருவருக்கு லேசான காயம்.

ஐந்து பன்னிரண்டுக்குத் தொலைபேசி.
"எலியோடோரோ சன்ஹ்வேசா பேசுறேன்.
அந்த ஒருவர் நான்தான்."

பின்னால் சக்கர நாற்காலி உருளும் சத்தம்.
ஆஸ்பத்திரித் தாழ்வாரம்.

"இடது கை. சுண்டுவிரலும் பக்கத்து விரலும்.
மோதிரத்தை மட்டும் கழுவிக் கொடுத்தாங்க,
ஒரு கவர்ல போட்டு.
சட்டைப் பொத்தானை நர்ஸ்தான் போட்டுவிட்டா,
ஒண்ணு மாத்தி ஒண்ணு.
சிரிப்பு வந்திருச்சு எனக்கு. அதையும் எழுதிக்குங்க.
ஆனா லேசுன்னு யாரும்மா எடை போட்டது?
எந்தத் தராசுல?"

கம்பெனி அனுப்பிய குறிப்பில், என்று ஆரம்பித்தேன்.
அந்த வாக்கியத்துக்கு
அதற்கு மேல் கால் இல்லை.

அவரும் பேசவில்லை.
கீழே ஏதோ ஒரு கப்பல் ஊதியது.
அவருக்கும் அது கேட்டிருக்கும்,
ஆஸ்பத்திரி அடுத்த மேட்டில்தானே இருக்கிறது.

"சரி," என்றார் கடைசியில்.
"சொன்னதுல மனசு கொஞ்சம் லேசாச்சு."
வைத்துவிட்டார்.

பேனாவை எடுத்தேன்.
ஆறு மணிக்கு வாசித்தது இது:
மீன்மாவு ஆலையில் எலியோடோரோ சன்ஹ்வேசா என்பவர்
இரண்டு விரல்களை இழந்தார்.
நிபால்டோ நிமிர்ந்து பார்த்தான்.
ஒலியளவு முள் வழக்கம்போலத்தான் ஆடியது.

ஆறு இருபதுக்கு ஆலையிலிருந்து ஒரு அழைப்பு.
ஆறரைக்கு நிலைய நிர்வாகி
என்னை லேசாகக் கண்டித்தார்.
(கதவு சாத்தியிருந்தது.
நிபால்டோவுக்குக் கேட்டிருக்கிறது.)

ஏழு மணித் தாளை எடுத்து வைத்துக்கொண்டு
ஒவ்வொரு இடமாகப் போனேன்.
நிலநடுக்கத்தில் கை வைக்கவில்லை,
யார் வீட்டுச் சூப்பும் சிந்தவில்லை.
செம்பு எப்படியோ போகட்டும்.
மீனவர்கள் வரியில் பேனா நின்றது.
எத்தனை பேருக்கு, எதனால், எங்கே?
எனக்குத் தெரியாது.
அவர்களில் யாரும் என்னைக் கூப்பிடவில்லை.
அடித்தேன், மறுபடி எழுதினேன், அடித்தேன்.
கடைசியில்
பலப்பிரயோகம் என்று மட்டும் வாசித்தேன்.
அந்த இடத்தில் என் குரல் தடுக்கியதாக
நிபால்டோ பிறகு சொன்னான்.
நெடுநாள் இருந்த படிக்கட்டில்
ஒரு படியைக் காணோம் என்பதுபோல.

பிற்பகலில் லேசான மழை,
இதை விட்டுவைத்தேன்.

ஒரு மணிக்கு வேலை முடிந்து
குடையில்லாமல் இறங்கினேன்.
மேட்டைத் தாண்டி, ஆஸ்பத்திரி வாசல்வரை போய்,
உள்ளே போகாமல் திரும்பினேன்.
லேசான மழைதான்.
வீட்டுக்கு வந்து
காலுறையைப் பிழிந்தேன்.